காலி செய்து போனவரிடம் வாடகை பாக்கியை வாங்குவது

முதலில் அட்வான்ஸைக் கழித்து, கட்டாத கரண்ட் பில்லைச் சேர்த்து, கணக்கை ஒரே தாளில் எழுதுங்கள். எங்கள் மாடி போர்ஷனில் இருந்தவருக்கு "ஜூன், ஜூலை பாக்கி 17,000 ரூபாய்" என்று மாதவாரியாக வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அடுத்த மாசம் தர்றேன்க்கா" என்று பதில் வந்தது. பாக்கியை ஒப்புக்கொண்ட அந்தப் பதில்தான் நமக்குப் பெரிய பிடி, அழித்துவிடாதீர்கள். போனில் சண்டை போட்டால் கையில் ஒரு சாட்சியும் மிஞ்சாது.

அப்புறமும் இழுத்தடித்தால் வக்கீல் நோட்டீஸ். புது முகவரி தெரியாதா? ஒப்பந்தத்தோடு வாங்கிய ஆதார் நகலில் உள்ள ஊர் முகவரிக்கு அனுப்பி, தபால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 1963 காலவரையறைச் சட்டப்படி, ஒவ்வொரு மாத வாடகைக்கும் அது தர வேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.