எம்எம்பிஐ-2 முடிவை வைத்து தெரபியைத் திட்டமிடுவது எப்படி?

பெங்களூரில் நம்மூர்க்காரர் ஒருவர் எம்எம்பிஐ-2 என்ற ஆளுமை, மனநலச் சோதனையின் 567 கேள்விகளுக்கும் சரி, தவறு என்று குறித்துக் கொடுத்துவிட்டாரா? உடனே மனச்சோர்வு அளவுகோலுக்குப் பாயாதீர்கள். முதலில் பதில்களை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் எல், எஃப், கே அளவுகோல்கள் மூன்றையும் பாருங்கள். வழக்கத்துக்கு மாறான பதில்களைக் காட்டும் எஃப் எகிறியிருந்தால் அவர் நிஜமாகவே தவிக்கிறாரா, மிகைப்படுத்துகிறாரா, இல்லை ஆங்கிலக் கேள்வி புரியாமல் குத்துமதிப்பாகப் போட்டாரா (அல்சூரில் தமிழ் மட்டுமே பேசி வளர்ந்தவர் என்றால் இதற்கும் வாய்ப்புண்டு) என்று அவரிடமே விசாரியுங்கள்.

சரி, அடுத்து டி-மதிப்பெண் (சராசரியை 50 என்று வைத்து ஒப்பிடுவது) 65-ஐத் தொட்ட அளவுகோல்களைப் பாருங்கள். 2-ம் (மனச்சோர்வு) 7-ம் (பதற்றம், ஓயாத சந்தேகம்) சேர்ந்து ஏறியிருந்தால் ஆள் கவலையில் உழல்கிறார், ஆனால் பெரும்பாலும் மாறத் தயாராக இருப்பார். 4-ம் (விதிகளை மீறும் போக்கு) 9-ம் (மிகையான துடிப்பு) என்றால் அவசரக்காரராக இருக்கலாம். சின்னச் சின்ன இலக்கு வையுங்கள், பாதியில் நிறுத்தத் தோன்றினால் என்ன செய்வது என்பதை முதல் அமர்விலேயே பேசிவிடுங்கள்.

அப்புறம், முடிவை எளிய தமிழில் அவருக்கே விளக்குங்கள். "இது நான் இல்லையே சார்" என்றால் வாதாடாமல், எது பொருந்தவில்லை என்று கேளுங்கள்.