மியூனிக் அக்டோபர்ஃபெஸ்ட்: முதல் முறை போகிறவர்களுக்கு

ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் பீர் திருவிழாதான் அக்டோபர்ஃபெஸ்ட். அந்தப் பெயரை நம்பி அக்டோபர் நடுவில் விமான டிக்கெட் போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் போய் இறங்கும்போது பீர் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் தேதியிலிருந்தே தொடங்குவோம்.

1. தேதி

செப்டம்பர் 15-க்குப் பிறகு வரும் சனிக்கிழமை விழா தொடங்கும். பெரும்பாலும் அக்டோபரின் முதல் ஞாயிறோடு முடிந்துவிடும். 2026-ல் செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை.

1810 அக்டோபர் 12 அன்று பவேரிய இளவரசர் லுட்விக்குக்கும் தெரேஸுக்கும் கல்யாணம் நடந்தது. அதையொட்டி, ஊருக்கு வெளியே இருந்த புல்வெளியில் குதிரைப் பந்தயம் விட்டார்கள். மணப்பெண் பெயரால் அந்த இடம் தெரேஸியன்வீஸ (தெரேஸின் புல்வெளி) ஆனது. உள்ளூர்க்காரர்கள் விழாவையே ‘வீஸன்’ என்றுதான் சொல்வார்கள். அக்டோபர் குளிரைத் தவிர்க்கப் பிற்பாடு தேதியை முன்னே கொண்டுவந்தார்கள், பெயர் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது.

முதல் முறை போகிறவர்கள் திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள், கூட்டம் குறைவு. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 3 ஜெர்மனியில் தேசிய விடுமுறை, அன்றைக்கு வேண்டாம்.

2. ரூம், பிறகு விசா

ரூம்தான் இந்தப் பயணத்தில் பெரிய செலவு. விழா நாட்களில் மியூனிக் ஹோட்டல் வாடகை வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறிவிடும். ஆறேழு மாதம் முன்பே, ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்யுங்கள். ஊருக்குள் கட்டுப்படியாகவில்லை என்றால் ஆக்ஸ்பர்க்கில் தங்கலாம். ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், ஊரும் அழகு. இரவு கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் முன்னாடியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடையில் விசா மையத்தில் நாள் கிடைப்பது கஷ்டம், ஜூன் தாண்ட விடாதீர்கள்.

3. இடம் பிடிப்பது

விழா நடக்கும் தெரேஸியன்வீஸ மைதானத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை, கூடாரத்துக்கும் இல்லை. ஆனால் கூடாரத்துக்குள் உட்கார இடம் இருந்தால்தான் பீர் தருவார்கள். ஆயிரக்கணக்கானோர் உட்காரும் கூடாரம் கூட நிரம்பிவிடும், நிரம்பினால் கதவை மூடிவிடுவார்கள்.

முன்பதிவு பொதுவாகப் பத்துப் பேர் மேசையாகத்தான் கிடைக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் பீர், அரைக் கோழி என்று குறைந்தபட்சச் செலவை முன்கூட்டியே கட்டவேண்டும். அந்தந்தக் கூடாரத்தின் இணையதளத்தில் நேரடியாக வாங்குங்கள், இடையில் நின்று விற்பவர்களிடம் வாங்காதீர்கள். நாலு பேருக்குள் போகிறவர்களுக்கு முன்பதிவே தேவையில்லை. பதிவு செய்யாதவர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கைகளை விட்டுவைக்க வேண்டும் என்பது விதி.

நான் முதலில் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. அகுஸ்டினர் என்ற பீர் ஆலையின் கூடாரத்தில் பாதி மேசை காலி. ஒரு முதிய தம்பதியிடம் “இங்கே இடம் இருக்கிறதா?” என்று கேட்டேன். அந்த அம்மா தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். அடுத்த முறை சனிக்கிழமை பதினொன்றரைக்குப் போய், மூடிய கதவுக்கு வெளியே இரண்டு மணி நேரம் நின்றேன். வார நாளில் பத்து மணிக்கும் வார இறுதியில் ஒன்பது மணிக்கும் பீர் ஊற்றத் தொடங்குவார்கள். தொடக்க நாள் மட்டும் விதிவிலக்கு. மியூனிக் மேயர் ஷாட்டன்ஹாமல் கூடாரத்தில் பகல் 12 மணிக்கு முதல் பீப்பாயைத் தட்டித் திறந்து “ஓட்ஸாப்ஃப்ட் இஸ்!” (பீப்பாய் திறந்தாயிற்று) என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்குக் கிடைக்கும்.

4. மேசையில்

மியூனிக்கின் ஆறு ஆலைகளின் பீர் மட்டும்தான் இங்கே உண்டு: அகுஸ்டினர், ஹாக்கர்-ஷோர், ஹோஃப்பிராய், லோவன்பிராய், பாவ்லானர், ஷ்பாட்டன். எனக்குப் பிடித்தது அகுஸ்டினர். இன்றைக்கும் 200 லிட்டர் மரப்பீப்பாயிலிருந்தே ஊற்றுகிறார்கள்.

பீர் வருவது ‘மாஸ்’ என்னும் ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளையில். காலிக் குவளையே ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். பரிமாறும் பெண்கள் பத்துக்கும் மேற்பட்ட குவளைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் வருவதைப் பார்த்தால் எழுந்து வழிவிடத் தோன்றும். கட்டாயம் வழி விடுங்கள். குவளையின் மேல்பகுதியில் ஒரு கோடு இருக்கும், நுரை அடங்கியதும் பீர் அதைத் தொட வேண்டும். ரொம்பக் குறைந்தால் நிரப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

2025-ல் ஒரு மாஸ் 14.50 முதல் 15.80 யூரோ வரை விற்றது. மேலே ஒன்றிரண்டு யூரோ டிப்ஸ் சேர்த்துக் கொடுங்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும். “புரோஸ்ட்” (சியர்ஸ்) சொல்லிக் குவளையை இடிக்கும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்கவேண்டும், இது அங்கே மரியாதை.

இந்த பீரில் ஆல்கஹால் சுமார் 6 சதவீதம். குவளையும் பெரிது. வெறும் வயிற்றில் தொடங்கவே வேண்டாம். சுட்ட கோழி, பெரிய ப்ரெட்ஸல் (முறுக்கிச் சுட்ட ரொட்டி) இரண்டும் எங்கும் கிடைக்கும். சைவர்கள் ‘கேஸ்ஷ்பெட்ஸ்ல’ கேளுங்கள். வேகவைத்த சின்னச் சின்ன மாவுத் துணுக்குகளில் பாலாடைக்கட்டி உருக்கி, மேலே வறுத்த வெங்காயம் தூவித் தருவது. குடிக்காதவர்களுக்கு ஆல்கஹால் இல்லாத பீர் உண்டு, அதற்காக யாரும் உங்களை வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள்.

5. பை, உடை, குழந்தைகள்

மூன்று லிட்டருக்கு மேல் கொள்ளும் பையை உள்ளே விடமாட்டார்கள். முதுகுப்பையை ரூமிலேயே வைத்துவிடுங்கள். டிர்ண்டல் (பெண்களின் பாரம்பரிய கவுன்), லெடர்ஹோசன் (ஆண்களின் தோல் கால்சட்டை) கட்டாயமில்லை. டிர்ண்டல் உடுத்தினால், ஏப்ரன் முடிச்சு உங்கள் இடப்பக்கம் என்றால் தனி ஆள், வலப்பக்கம் என்றால் துணை உண்டு என்று பொருள் கொள்வார்கள்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை நல்லது, ராட்டினங்களில் குடும்பச் சலுகை உண்டு. மாலை ஆறு வரை கூடாரத்தில் பித்தளை வாத்திய இசையை அடக்கியே வாசிப்பார்கள். ஆறு வயதுக்குட்பட்டவர்கள் இரவு எட்டு மணிக்குள் கூடாரத்தை விட்டு வெளியேற வேண்டும். தனியாகப் போகும் பெண்களுக்கு உதவ, சேவை மையத்தில் தனிப் பாதுகாப்பிடமே இருக்கிறது. அந்த மையம் எங்கே என்று போனவுடன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. திரும்பும் வழி

மைதானத்தின் மேற்கு ஓரத்தில் 18 மீட்டருக்கு மேல் உயரமான பவேரியா வெண்கலச் சிலை நிற்கிறது. உள்ளே படியேறித் தலைக்குள் போய்ச் சின்னத் திறப்புகள் வழியாக முழு விழாவையும் பார்க்கலாம். இதைக் குடிப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள், படிகள் குறுகலானவை.

இரவு பத்தரைக்கு பீர் நின்றதும் எல்லோரும் தெரேஸியன்வீஸ மெட்ரோ நிலையத்துக்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் தெற்குப் பக்கமாக நடந்து கோத்தபிளாட்ஸ் நிலையத்துக்குப் போங்கள். அல்லது மத்திய ரயில் நிலையத்துக்கே நடந்துவிடுங்கள், கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும்.