ராமநாதபுரம் கடற்கரைக்கு 2026 வான்நோக்கு நாள்காட்டி: நாமே போட்டுக்கொள்வது எப்படி?

டிசம்பர் பிறந்தால் ‘வரும் ஆண்டில் தவறவிடக்கூடாத வான நிகழ்வுகள்’ என்று ஒரு படம் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவ ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் அது வடக்கே 40, 50 டிகிரி அட்சரேகையில் இருப்பவர்களுக்காகப் போட்டது. டிசம்பர் ஜெமினிட் எரிகற்களுக்குப் பெரிய எழுத்தில் இடம் இருக்கும். அந்த மாதம் நம் தலைக்கு மேல் மழை மேகம் என்பது போட்டவருக்குத் தெரியாது. தென்சிலுவைக்கும் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்துக்கும் ஒரு வரிகூட இருக்காது. அவர்கள் ஊரில் அவை எழுவதே இல்லை, எழுந்தாலும் தொடுவானத்தை விட்டு ஏறாது. நமக்கோ மன்னார் வளைகுடாவுக்கு மேலே நன்றாக ஏறி நிற்கின்றன.

அதனால் எங்கள் குழுவுக்கு ஆண்டுத் திட்டத்தை நாங்களே போட்டுக்கொள்கிறோம். புதிதாகக் குழு தொடங்குகிறவர்களும் பள்ளியில் வானியல் மன்றம் நடத்தும் ஆசிரியர்களும் இதே வழியில் போடலாம். கிழிக்கும் தினசரி காலண்டர் ஒன்று, ஒரு நோட்டு, வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருள் போதும். ஸ்டெல்லேரியத்தில் உங்கள் ஊரைக் கொடுத்து, நிலக்காட்சியில் ‘ஓஷன்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். மரம், மலை எதுவும் மறைக்காது. நம் கடற்கரையும் அப்படித்தான்.

முதலில் ஒரு கழித்தல் கணக்கு

ராமேசுவரம் 9.3 டிகிரி வடக்கு. மாவட்டத்தின் கடலோர ஊர்கள் பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னே பின்னே. ஆகவே தெற்கு வானத்தில் உள்ள எதையும் பார்க்க முடியுமா என்று தெரிந்துகொள்ள, அதன் தென் நடுவரை விலக்கத்தை (வான நடுக்கோட்டுக்கு எத்தனை டிகிரி தெற்கே இருக்கிறது என்பதை) 81-இலிருந்து கழியுங்கள்; 90-இல் நம் அட்சரேகை 9 போனால் 81. அது நேர் தெற்கே வரும்போது எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதுதான் விடை. அகத்தியர் நட்சத்திரம் (கனோபஸ்) 53, ஆகவே உயரம் 28. ஒமேகா சென்டாரி 47.5, உயரம் 33. தென்சிலுவையின் அடி நட்சத்திரம் 63, உயரம் 18. கையை நேராக நீட்டிப் பிடித்த முஷ்டி சுமார் 10 டிகிரி என்பதால் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். துருவ நட்சத்திரம் நமக்கு ஒரு முஷ்டி உயரம்கூட இல்லை என்பதையும் அப்போதே காட்டிவிடுங்கள்.

திதியை எந்த நேரத்துக்குப் பார்ப்பது

எங்களை ரொம்பக் குழப்பிய இடம் இது. புதிதாக வருகிறவர்களும் இங்கேதான் தடுக்குகிறார்கள். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

அமாவாசையன்று மட்டும்தான் கூட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. நமக்கு வேண்டியது மாலை 7 முதல் 10 வரை நிலா இல்லாத வானம். நிலா ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தாமதமாகிறது. தேய்பிறையில் சூரியன் மறைந்து எவ்வளவு நேரம் கழித்து நிலா எழும் என்பதற்கு, திதி எண்ணை 50 நிமிடத்தால் பெருக்குங்கள். பஞ்சமி என்றால் 250 நிமிடம், அதாவது இரவு பத்தரையை ஒட்டி எழும். வளர்பிறைக்கும் அதே கணக்கு. எழுவதற்குப் பதில் மறையும் நேரம். அரை மணி முன்பின் இருக்கலாம், நம் வேலைக்கு அது போதும். வட நாடுகளில் இந்த 50 நிமிடம் மாதத்துக்கு மாதம் வெகுவாக மாறும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு அவ்வளவு மாறாது.

இப்போது சிக்கல். காலண்டர் தாளில் ஒரு நாளுக்கு ஒரு திதி மட்டும் இருக்காது. ‘சஷ்டி காலை 9.40 வரை, பின்பு சப்தமி’ என்று இருக்கும். பெரிய எழுத்தில் சஷ்டியைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டால் ஒரு திதி தள்ளிப்போகும். சூரிய உதயத்தில் எந்தத் திதி இருக்கிறதோ அதுதான் அன்றைய திதி என்பது விரதம் இருப்பவர்களுக்கான வழக்கு. நமக்கு மாலை 7 மணிக்கு என்ன திதி நடக்கிறது என்பதே கணக்கு. பழைய பஞ்சாங்கம் வைத்திருப்பவர்களுக்கு நாழிகையில் போட்டிருக்கும். ஒரு நாழிகை 24 நிமிடம். சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டும், நள்ளிரவிலிருந்து அல்ல. 31 நாழிகை என்றால் மாலை ஆறரை தாண்டிவிட்டது என்று பொருள்.

இப்படிப் பார்த்தால் தேய்பிறை சப்தமியிலிருந்து வளர்பிறை திருதியை வரை எல்லா மாலையும் நமக்கானது; வளர்பிறையின் மெல்லிய பிறை ஒன்பதுக்குள் மறைந்துவிடும். அந்த இடைவெளியில் வரும் சனிக்கிழமைகளை வட்டமிட்டுவிடுங்கள். 2026-இல் பிப்ரவரி 14, மார்ச் 14, 21, ஏப்ரல் 11, 18, மே 9, 16, ஜூன் 13 ஆகியவை அப்படி விழுகின்றன.

பிறகு கூட்டத்தையும் பாருங்கள்

வேறு ஊர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நமக்கு இருட்டான அமாவாசையே திருவிழா. தை அமாவாசை ஜனவரி 18, ஆடி அமாவாசை ஆகஸ்ட் 12, மகாளய அமாவாசை அக்டோபர் 10. இந்த நாட்களுக்கு முந்தைய இரவே ராமேசுவரம், சேதுக்கரை, தேவிபட்டினம் மூன்றும் வண்டிகளாலும் விளக்குகளாலும் நிறைந்துவிடும். டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மகாசிவராத்திரி மட்டும் விதிவிலக்கு. பிப்ரவரி 15, ஞாயிறு. தேய்பிறை சதுர்த்தசி என்பதால் நிலா விடியப்போகும்போதுதான் எழும், ஊரே விழித்திருக்கும். பொதுமக்களுக்குக் காட்ட ஆண்டில் இதைவிட நல்ல இரவு கிடையாது. இரவு 9 மணிக்கு அகத்தியர் நேர் தெற்கே, அதற்கு மேலே சிரியஸ், உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே வியாழன். கோயில் பக்கத்திலேயே, ஹைமாஸ் விளக்குக்கு மறைவாக ஒரு சுவரின் நிழலில் நின்றாலே வியாழனின் நிலாக்களைக் காட்டிவிடலாம். ஜனவரி 10-இல்தான் வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. ஆகவே மே வரை மாலை வானத்தில் அதுதான் ராஜா.

எங்கே நிற்பது

ஒரே விதி: ஊர் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் விழ வேண்டும். தெற்கு வானத்துக்குத் தென்கடல் பக்கம்: வாலிநோக்கம், மாரியூர், மூக்கையூர், ஏர்வாடிக்கு வெளியே. நிலா உதயம், அதிகாலை எரிகற்கள் என்றால் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி என்று பாக் நீரிணைப் பக்கம். மண்டபத்துக்காரர்களுக்கு இரண்டு கடலும் நடக்கும் தூரம், கொடுத்துவைத்தவர்கள்.

தனுஷ்கோடியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். மாலைக்கு மேல் அங்கே பொதுமக்களை இருக்க விடுவதில்லை, ஆகவே திட்டத்தில் சேர்க்காதீர்கள். தீவுகளும் வேண்டாம், அவை கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. மற்ற இடங்களிலும் இரவில் கடற்கரையில் கும்பலாக நின்றால் விசாரிக்க வருவார்கள். இது எல்லைக் கடல். காவல் நிலையத்திலும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திலும் தேதி, இடம், தலைகளின் எண்ணிக்கை எழுதி முன்கூட்டியே கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை லேசர் அறவே கூடாது. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. நட்சத்திரம் காட்ட விரல் போதும்.

டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்பு சுற்றுங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி ஆகும். ஒரே ஒரு வெள்ளை வெளிச்சம் அத்தனையையும் கெடுத்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு: ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும், வெள்ளை வெளிச்சம் அவற்றைக் குழப்பும். அப்புறம், செருப்பு. கரைக்குப் போகும் வழியெல்லாம் சீமைக் கருவேல முள்.

எதை வாங்குவது

10x50 பைனாகுலர். ‘525 மடங்கு பெரிதாக்கும்’ என்று பெட்டியில் போட்ட சிறிய டெலஸ்கோப் வேண்டவே வேண்டாம். நடுங்கும் முக்காலியில் நிலாவைத் தவிர வேறெதையும் பிடிக்க முடியாது. குழுவாகச் சேர்ந்து பணம் போட முடிந்தால் 6 அங்குல டாப்சோனியன், அதாவது எளிய தாங்கியில் கையால் திருப்பும் ஆடி டெலஸ்கோப். கம்ப்யூட்டரில் தானே தேடிப் பிடிக்கும் வகைகளை எனக்குப் பிடிக்காது. உப்புக்காற்றில் முதலில் சாவது மின்னிணைப்புகள்தான்.

பைனாகுலரைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். கயிற்றுக் கட்டிலோ தார்ப்பாயோ போட்டுப் படுத்துவிடுங்கள்.

மாத வாரியாக

மார்ச் 3 செவ்வாய், சந்திர கிரகணம். முழு மறைப்பு மாலை 5.33-க்கே முடிந்துவிடும், நமக்குக் கிடைக்காது. ஆனால் நிலா 6.20 வாக்கில் கடிபட்ட நிலையிலேயே கடலிலிருந்து எழும், 6.47-க்கு நிழல் விலகிவிடும். அரை மணிகூட இல்லை. அதனால் கிழக்குக் கடல் தெரியும் இடத்தில் ஆறு மணிக்கே நின்றாக வேண்டும். அக்னி தீர்த்தத்தில் கிரகணக் குளியலுக்குக் கூட்டம் இருக்கும், தேவிபட்டினம் பக்கம் போங்கள்.

மார்ச் நடுவில் இரவு 9 மணிக்குத் தெற்கே ஒரு சிலுவை தெரியும். எல்லோரும் தென்சிலுவை என்று கத்துவார்கள். அது பொய்ச்சிலுவை, பெரிது, மங்கல். உண்மையானது சிறியது, பளிச்சென்றிருக்கும், அதன் இடப்பக்கத்தில் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் வழிகாட்டியாக நிற்கும். அவற்றில் இடது ஓரத்தில் இருப்பதுதான் 4.4 ஒளியாண்டு தூரத்தில் உள்ள ஆல்ஃபா சென்டாரி.

ஏப்ரல் 14-ஐ ஒட்டி, அதாவது சித்திரை முதல் நாள் வாக்கில், நமக்கு நிழலில்லா நாள். பகல் 12.13 சுமாருக்குச் சூரியன் நேர் உச்சி. ஒரு துண்டு பிவிசி குழாயை நிறுத்துங்கள். கொத்தனாரிடம் ரசமட்டம் கேட்டு வாங்கித் தரையைச் சரிபாருங்கள், இல்லாவிட்டால் நிழல் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை வரும், மேகம் விட்டால்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்பதால் கடலின் தொடுவானத்தில் விளக்குகள் குறைந்துவிடும். தென்வானம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். ஏப்ரல் 18 இரவு 9 மணிக்கு ஈட்டா கரினா நெபுலா (விண்முகில்) இரண்டு முஷ்டி உயரத்தில். மே 16 இரவு 9 மணிக்குத் தென்சிலுவை நேர் தெற்கே நிமிர்ந்து நிற்கும். 10 மணிக்கு ஒமேகா சென்டாரி. பைனாகுலரில் சாம்பிராணிப் புகை ஓரிடத்தில் உருண்டு நின்றதுபோல இருக்கும். அதில் இருப்பவை சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள், சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில். ஆண்டில் ஒரே ஓர் இரவுதான் முடியும் என்கிறவர்களுக்கு மே 16-ஐச் சொல்வேன்.

ஜூன் 9 மாலை, மேற்கே வெள்ளியும் வியாழனும் இரண்டு டிகிரிக்குள் நெருங்கி நிற்கும். வீட்டு மாடியே போதும்.

ஜூன் பாதியிலிருந்து கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று. மழை கிடையாது, ஆனால் மணல் பறக்கும். இந்த மாதங்களில் டாப்சோனியனை வெளியே எடுக்க மாட்டேன். ஜூலை 11 விருச்சிகத்தின் வாலை வெறுங்கண்ணிலும் பைனாகுலரிலும் பார்ப்பதோடு சரி.

ஆகஸ்ட் 12 நள்ளிரவு தாண்டி 13 விடியல் வரை பெர்சீட் எரிகற்கள். மணிக்கு 100 என்று போட்டிருப்பார்கள்; எரிகற்கள் கிளம்பும் புள்ளி நமக்கு வடக்கே 40 டிகிரி உயரத்தோடு நின்றுவிடுவதால் பாதி கிடைத்தாலே பெரிது. அன்றிரவு ஆடி அமாவாசைக் கூட்டம் என்பதால் திருப்பாலைக்குடிக்கு வடக்கே போங்கள். அதே 12-ஆம் தேதி முழு சூரிய கிரகணம் என்றும் செய்தி வரும். ஸ்பெயின் பக்கம் அது நடக்கும்போது நமக்கு நள்ளிரவு.

செப்டம்பரில் சனி. வளையம் 2025 மார்ச்சில் விளிம்பாகத் திரும்பியதால் இன்னும் ஒடுங்கித்தான் இருக்கும், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். அக்டோபர் பாதிக்கு மேல் திட்டமே போடாதீர்கள். டிசம்பர் 14 இரவு மட்டும் பென்சிலால் குறியுங்கள். வானம் விட்டால் நிலா மறைந்த பிறகு, பத்தரைக்கு மேல், ஜெமினிட் பார்க்கலாம்.

கேட்டவர்களுக்காகப் பின்னர் சேர்த்தவை

கண்ணாடியில் உப்புப் படிவது பற்றிப் பலர் கேட்டார்கள். லென்சில் பாலாடை போல் ஒரு படலம் தெரிந்தால் வேட்டி நுனியால் துடைக்காதீர்கள், உப்புத் துகள் கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதியால் மணலைப் போக்குங்கள். பிறகு பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் பஞ்சை நனைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். டெலஸ்கோப்பின் ஆடியை இப்படிக்கூடத் தொடாதீர்கள்; மூடி வைப்பதே நல்ல பராமரிப்பு. மழை மாதங்களில் பைனாகுலரைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். இல்லையென்றால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும், அதை வெளியிலிருந்து துடைக்க முடியாது.

சாயல்குடிப் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியர் ஈக்வடோரியல் தாங்கி (அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைத்து, வானம் சுற்றுவதற்கு ஏற்ப டெலஸ்கோப்பைத் திருப்பும் வகை) வாங்கியிருக்கிறார். துருவ நட்சத்திரத்துக்கு இறங்க மாட்டேன் என்கிறதாம். பல தாங்கிகளின் அட்சரேகைத் திருகு 15, 20 டிகிரியோடு நின்றுவிடும், நமக்கோ 9 வேண்டும். முக்காலியின் ஒரு காலை வடக்கே வைத்து அந்தக் காலை மட்டும் குட்டையாக்குங்கள்; மொத்தமும் வடக்கே சாய்ந்து மீதி டிகிரி கிடைத்துவிடும். கவிழாமல் இருக்க நடுத்தட்டில் ஒரு மணல் பையைத் தொங்கவிடுங்கள். எதிர் எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கிறதா என்று பகலிலேயே முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுங்கள். இடித்தால், அந்தத் திசையில் உள்ளதை அன்று விட்டுவிட வேண்டியதுதான்.