குதிரையை விரலால் மறைத்துப் பாருங்கள்: மௌனப்பட விளம்பரம் படிக்க ஒரு வழி

நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்க சினிமா விளம்பரங்களில் நாயகனுக்குப் பக்கத்தில் அடிக்கடி ஒரு மிருகம் நிற்கும். சும்மா நிற்காது. ‘இவன் எப்படிப்பட்ட ஆம்பளை’ என்று சாட்சி சொல்லிக்கொண்டு நிற்கும். அந்தச் சாட்சியை விசாரிக்கத்தான் இந்தப் பதிவு. சினிமா வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: ஜோடியைப் பிடியுங்கள்

முதல் தடவைக்கு கௌபாய் பட நாயகன் வில்லியம் எஸ். ஹார்ட்டும் அவர் குதிரை ஃபிரிட்ஸும் போதும். மேடை நடிகரான ஹார்ட் 1914-இல் படங்களுக்கு வந்தபோது வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. இறுகிய முகம், லேசில் சிரிக்க மாட்டார். ஃபிரிட்ஸ் உடம்பில் வெள்ளைத் திட்டுகள் உள்ள குதிரை. அந்த வகைக்குப் பின்ட்டோ என்று பெயர்.

படி 2: தேடுங்கள்

மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரியில் பழைய சினிமா இதழ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. லேண்டர்ன் என்பது அதன் தேடுபொறி. ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஃபிரிட்ஸ் என்று மட்டும் போட்டால் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் வந்து குதிப்பார் (அரை மணி நேரம் போனது எனக்கு). ஹார்ட், பின்ட்டோ இரண்டையும் சேர்த்துப் போட்டு, 1915 முதல் 1925 வரை என்று வருடத்தைக் குறுக்குங்கள்.

மூவிங் பிக்சர் வேர்ல்ட் போன்றவை கொட்டகைக்காரர்களுக்கான இதழ்கள். அதனால் அங்கே விளம்பரம் ‘கல்லா நிறையும்’ என்றும் சேர்த்தே பேசும்.

படி 3: விரல் சோதனை

இதுதான் முக்கியம். கட்டைவிரலால் குதிரையை மறையுங்கள். மிச்சம் இருப்பவர் துப்பாக்கியோடு முறைக்கிற ஆள். வில்லன் என்றாலும் நம்புவோம். ஹார்ட் அடிக்கடி நடித்ததும் திருந்துகிற கெட்டவனாகத்தானே! இப்போது விரலை எடுங்கள். குதிரையின் கழுத்தில் அவர் கை இருக்கிறதா? வாயில்லா ஜீவன் நம்புகிற ஆள் என்றதும் அதே முறைப்பு உறுதியாகத் தெரிய ஆரம்பிக்கும். முரட்டு ஆண் பாசத்தைக் காட்ட, வெட்கப்படாமல் சாய்ந்துகொள்ள, குதிரை ஒரு வசதி.

அப்புறம் ஆளை மறையுங்கள். குதிரைக்குத் தனிப் பெயர் போட்டிருக்கிறதா, எழுத்து எவ்வளவு பெரிது என்று பாருங்கள். இன்னொரு கௌபாய் நாயகன் டாம் மிக்ஸின் குதிரை டோனி இதில் எங்கோ போய்விட்டது: 1922-இல் வந்த ‘ஜஸ்ட் டோனி’யில் படத்தின் பெயரே அதனுடையதுதான். 1927-இல் ஹாலிவுட் சைனீஸ் தியேட்டர் வாசல் சிமெண்டில் மிக்ஸோடு சேர்ந்து டோனியும் குளம்பைப் பதித்தது.

படி 4: தோழனா, எதிரியா?

சிங்கம் வந்தால் கணக்கு மாறும். 1918-இல் வந்த முதல் டார்சான் படத்தில் எல்மோ லிங்கன் வெற்று மார்போடு சிங்கத்தோடு மல்லுக்கட்டுகிறார். இங்கே மிருகம் சாட்சி இல்லை, அளவுகோல். அது எவ்வளவு பெரிதோ ஆளும் அவ்வளவு பெரிது.

சரி, ஒரு பயிற்சி. 1920-இல் இன்னொரு டார்சான் படத்துக்காக, விளம்பர மன்னன் ஹாரி ரைக்கன்பாக் ஏற்பாட்டில் நியூயார்க்கின் பெல்கிளேர் ஹோட்டலில் ‘டி. ஆர். ஸான்’ என்ற பெயரில் ஒருவர் அறை எடுத்தார். பியானோ என்று சொல்லி ஏற்றிய பெட்டிக்குள் நிஜச் சிங்கம். 15 பவுண்டு பச்சை இறைச்சி கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. அந்தப் படத்தின் நாயகன் ஜீன் போலார், தீயணைப்பு வீரராக இருந்தவர். அந்த வருட இதழ்களில் இந்தச் செய்தியைத் தேடி எடுங்கள். சிங்கம் எத்தனையாவது வரியில் வருகிறது, போலார் எத்தனையாவது வரியில் வருகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.