ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரைத் துடைக்கும்போது செய்யக் கூடாதவை

வருஷம் முழுக்கக் கண்டுகொள்ளாத கேபினெட்டை ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் திறக்கிறோம். விஜயதசமி காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். பெரும்பாலும் எதுவும் எரிந்திருக்காது, துடைத்த கை எதையோ நகர்த்தியிருக்கும். சில சமயம் நிஜமாகவே எரிந்தும் இருக்கும்.

ஷட் டவுன் செய்தாலே கரண்ட் நின்றுவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு. பிளக் சொருகி சுவிட்ச் போட்டிருக்கும்வரை மதர்போர்டில் 5 வோல்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்த நிலையில் ராமை (RAM என்ற நினைவகப் பட்டையை) கழற்றி மாட்டினால் போர்டே போகலாம். பின்பக்க வயரை உருவிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒரு முறை தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள்.

அடுத்தது ப்ளோயர். ஃபேனை விசிலடிக்கச் சுற்றவிட்டுக் காற்றடிப்பது பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் அது சுற்ற வேண்டிய வேகத்தைத் தாண்டிச் சுற்றினால் பேரிங் கெடும். இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, ஓரடி தள்ளி நின்று அடியுங்கள். பிராசஸர் மேலிருக்கும் கூலரில் மட்டும் ப்ளோயர் ஏமாற்றிவிடும். ஃபேனுக்கும் அதன் அடியிலுள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே தூசு சாம்பல் நிறக் கம்பளித் துண்டு மாதிரி படிந்து கிடக்கும். மேலிருந்து காற்றடித்தால் அது தகடுகளுக்குள் இன்னும் இறுகும். ஃபேன் தனியாகக் கழன்று வருகிற மாடலாக இருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள், அந்தக் கம்பளி கையாலேயே உரிந்து வரும்.

கூலரையே கழற்ற வேண்டுமா? சூடு பிரச்சினை இல்லையென்றால் வேண்டாம். கழற்றினால், சூட்டைக் கடத்த பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவியிருக்கும் பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிது வைத்தே தீர வேண்டும். மிளகைவிடச் சற்றுப் பெரிய ஒரு பொட்டு, நடுவில், அவ்வளவு போதும். ஏஎம்4 என்ற வகை சாக்கெட்டில் உட்காரும் ஏஎம்டி பிராசஸர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பெரிய கண்டம் உண்டு: காய்ந்த பேஸ்ட் பசையாகி, கூலரை நேராக இழுத்தால் லாக் திறக்காமலேயே பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும். அதன் அடியில் 1,331 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் வேலைதான். கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து, வயரை உருவிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். இன்டெல் ஸ்டாக் கூலரில் வேறு தொல்லை. நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள், நான்கிலும் ‘டக்’ சத்தம் கேட்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே கூடாது. உள்ளிருக்கும் கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும், வயரை உருவிய பிறகும் உடனே இறங்காது. வெளியிலிருந்து காற்றடித்தால் போதும்.

மானிட்டருக்குக் கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே வேண்டாம். அதில் அமோனியா இருந்தால் திரைமேலுள்ள பூச்சு உரியும். நேரடியாக அடித்தால் திரவம் வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் போய்ப் பேனலைக் கெடுக்கும். மைக்ரோஃபைபர் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடைத்தாலே பளிச்சென்று ஆகிவிடும்.

இனி பொட்டு. கேபினெட்டின் முன்பக்க வலைதான் காற்றை உள்ளே இழுக்கும் வாய். அங்கே வைக்கிற விபூதியும் குங்குமமும் மறுநாளே ஃபேனில் இருக்கும். பக்கவாட்டுத் தகட்டிலோ மானிட்டர் ஸ்டாண்டிலோ வையுங்கள், சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள். சாம்பிராணி போடும்போது கம்ப்யூட்டர் அணைந்திருக்கட்டும். அந்தப் புகையின் பிசுபிசுப்பு ஃபேனில் படிந்தால் அடுத்த தூசு ஒட்டிக்கொள்ளும்.

துடைக்கும்போதுதான் பலருக்கும் இன்னொன்று நினைவுக்கு வரும்: ஓடும்போது கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுரீரென்கிறதே! அதைச் சகஜமென்று விடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் கொஞ்சக் கரண்ட் எர்த் வயரில் இறங்க வேண்டும். எர்த் இல்லையென்றால் இரும்புக் கூடு சுமார் 115 வோல்ட்டில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளை அடிக்காது, ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிள் சொருகினால் போர்ட் போகலாம். பழைய வீடுகளில் பிளக் பாயின்ட்டின் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லுங்கள். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுவது இதைவிட மோசம்.

எல்லாம் மாட்டியும் திரை வரவில்லையா? கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் இருக்கிறதா, அவசரத்தில் மதர்போர்டு போர்ட்டில் போய்விட்டதா என்று முதலில் பாருங்கள். பிறகு ராமை எடுத்து, பொன்னிறப் பட்டையை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள். கிளிப் தானாக மூடும்வரை அழுத்தம் தேவை. ஒரே ஒரு ராம் மட்டும் போட்டு, ஸ்லாட்டை மாற்றி மாற்றிப் பாருங்கள். பிராசஸர் பக்கத்திலுள்ள 4 அல்லது 8 பின் பவர் கனெக்டர் தளர்ந்திருந்தாலும் இதே கறுப்புத் திரைதான் வரும். திரை வந்து தேதி மட்டும் பழசாகக் காட்டினால், மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரிக்குப் பதில் புதிது ஒன்று வாங்கி மாற்றுங்கள்.