மனநல ஆய்வில் பல துறைகள் சேரும்போது: நானும் செய்த தவறுகள்

போன வாரம் ஒரு ஆராய்ச்சி மாணவி எக்செல் கோப்பு ஒன்றை அனுப்பி, "சார், 240 மாதிரி இருக்கு, பார்த்துச் சொல்லுங்க" என்றார். திறந்தால் 60 பேர். ஆளுக்கு நான்கு எச்சில் டியூப். லேபில் இருப்பவருக்கு டியூப்தான் மாதிரி. புள்ளியியல் பார்க்கும் எனக்கு ஆள்தான் மாதிரி. அந்த 240 வரிகளையும் 240 தனி ஆட்களாக எடுத்துக் கணக்குப் போட்டால், இல்லாத வித்தியாசமெல்லாம் இருப்பதாக வந்து நிற்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன்.

அனுமதியை நேரத்துக்கு வாங்குங்கள், டேட்டாவுக்கு இன்னொரு பிரதி வையுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே சொல்லை ஆளுக்கொரு அர்த்தத்தில் வைத்துக்கொண்டு களத்தில் இறங்குவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான். வேடசந்தூர் பக்கத்துக் கிராமங்களில் ஒரு ஆய்வு. ஒரு மனநல மருத்துவர், ஒரு உயிர்வேதியியல்காரர், சமூகப்பணி படித்த இரண்டு பேர், நான். மனச்சோர்வு உள்ள பெண்களுக்குக் காலையில் கார்டிசால் (நெருக்கடியில் உடம்பு சுரக்கும் ஹார்மோன், எச்சிலிலேயே அளக்கலாம்) கூடுதலாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. களத்துக்கான குறிப்பைத் தமிழில் ஒரே வரியில் எழுதினோம்: "மன அழுத்தம் உள்ளவர்களிடம் காலை மாதிரி எடுக்கவும்." ஐந்து பேரும் தலையாட்டினோம்.

மருத்துவர் மனதில் இருந்தது மனச்சோர்வு என்கிற நோய். உயிர்வேதியியல்காரர் நினைத்தது உடம்பு தாங்குகிற நெருக்கடி. அவர் துறையில் அது நோயே இல்லை, யாருக்கும் வரும். பத்திரிகைகள் இரண்டுக்கும் 'மன அழுத்தம்' என்றே போடுகின்றன, நாங்களும் அப்படியே எழுதிவிட்டோம். களத்துக்குப் போனவர்கள் அதைப் பேச்சுத்தமிழாக்கி, "உங்களுக்கு ரொம்ப டென்ஷனா இருக்காக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். குழுக்கடன் தவணை, குடித்துவிட்டு வரும் கணவன், மகள் கல்யாணம். டென்ஷன் இல்லை என்று யார் சொல்வார்கள்? மனசு செத்துப்போய், எதிலும் பிடிப்பில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "டென்ஷனா? எனக்கென்ன டென்ஷன்" என்று சொல்லிவிட்டார். அவரை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் தேடிப் போனதே அவரைத்தான்.

இன்னொரு சொல் 'காலை'. கார்டிசால் தூங்கி எழுந்ததும் ஏறும், அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் உச்சிக்குப் போகும், அப்புறம் நாள் முழுக்க இறங்கிக்கொண்டே வரும். அதனால் லேப்காரருக்குக் காலை என்றால் எழுந்து அரை மணி நேரம் கழித்து. எங்கள் ஆட்களுக்குக் காலை என்றால் பஸ் ஊருக்குள் வந்து சேரும் நேரம்.

ஐஸ் பெட்டியிலிருந்து இரண்டு டியூப்களை எடுத்து மேசையில் வைத்தது ஞாபகம் இருக்கிறது. இரண்டிலும் பென்சிலில் "காலை 9.40". ஒன்று, நாலரைக்கே எழுந்து தண்ணீர் பிடித்து, சோறாக்கி, நூறு நாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவருடையது. இன்னொன்று, நூல் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்த பெண்ணைத் தட்டி எழுப்பித் துப்பச் சொன்னது. ஒருவருக்கு எழுந்து ஐந்து மணி நேரம், மற்றவருக்கு ஐந்து நிமிடம். லேபில் கார்டிசாலைத் துல்லியமாக அளந்து கொடுத்தார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எழுந்த நேரத்தை எழுத ஃபார்மில் ஒரு கட்டம்கூட இல்லை. அந்த ஃபார்மைப் போட்டவன் நான்தான்.

நூற்றுச் சொச்சம் டியூப், எட்டு மாத உழைப்பு, எல்லாம் போனது. கடைசிக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் மேல் பழியைப் போடப் பார்த்தார்கள். நாங்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர்கள் செய்தார்கள்.

இப்போதெல்லாம் முதல் கூட்டத்தில் ஒரு தாளை நடுவில் வைத்துவிடுகிறேன். மனச்சோர்வு: பிஎச்க்யூ-9 என்கிற ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வுக் கேள்வித்தாளில் 27-க்கு 10 அல்லது அதற்கு மேல், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்டது, இது சல்லடைதான், நோய் உறுதி இல்லை. மன அழுத்தம்: நெருக்கடிக்கு மட்டும். காலை: எழுந்து 30 நிமிடம், எழுந்த நேரத்தோடு. 'மாதிரி' என்ற சொல்லுக்குத் தடை. 'ஆள்', 'டியூப்' என்றுதான் எழுத வேண்டும். இந்தத் தாளுக்கே ஒரு நாள் சண்டை நடக்கும், நடக்கட்டும். முடிந்ததும் ஊரிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். "மனசு பாரமா இருக்கா", "நெஞ்சு படபடங்குதா" என்று அவர் எங்கே மாற்றிச் சொல்கிறாரோ, அங்கே உங்கள் கேள்வி இடறுகிறது.

பக்கத்துத் துறையின் பழைய செய்தியை நம்புவது

2003-ல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் பிறந்து வளர்ந்த 847 பேரைப் பார்த்து, செரோடோனின் தொடர்பான ஒரு ஜீனின் குட்டை வடிவம் இருந்தால் வாழ்க்கை நெருக்கடிகள் மனச்சோர்வாக மாறும் வாய்ப்பு அதிகம் என்றார்கள். உளவியல்காரர்கள் கொண்டாடிவிட்டார்கள். 2019-ல் பல லட்சம் பேரின் டேட்டாவை வைத்து, இப்படிப் பேசப்பட்ட 18 ஜீன்களைச் சோதித்தபோது எதுவும் தேறவில்லை. இன்றும் 60 பேரின் எச்சிலில் அதே ஜீனைத் தேடும் திட்டங்கள் என் மேசைக்கு வருகின்றன. மரபியல்காரர் ஒருவரை டீக்குக் கூப்பிட்டிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

ஒன்பதாவது கேள்விக்கு ஆள் வைக்காமல் போவது

பிஎச்க்யூ-9-இன் கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வருகிறதா என்று கேட்கிறது. "ஆமா" என்று ஒருவர் சொன்னால், டியூப் வாங்கப் போன லேப் பையன் என்ன செய்வான்? கட்டத்தில் டிக் போட்டுவிட்டு வந்துவிடுவான். அவன் மேல் தப்பில்லை, யாரும் சொல்லித் தரவில்லை. அன்றைக்கே பேச ஒரு மனநலப் பணியாளர், அவர் போன் நம்பர், அவருக்கு மேல் ஒரு மருத்துவர், இதெல்லாம் முடிவாகாமல் ஃபார்மை அச்சடிக்கவே கூடாது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறதே என்பார்கள். அந்த எண்ணையும் கொடுங்கள், உங்கள் ஆளுக்குப் பதிலாக அல்ல.

புள்ளியியல்காரரைக் கடைசியில் கூப்பிடுவது

ஆய்வு முடிந்தபின் புள்ளியியல்காரரிடம் வருவது பிரேதப் பரிசோதனை கேட்பதுபோல என்று புள்ளியியல் மேதை ஃபிஷர் 1938-லேயே, இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் வைத்துச் சொல்லிவிட்டார்.

மூன்று துறைக்கு மூன்று ஒப்புதல் படிவம்

வேண்டாம். ஒன்று போதும்.

ஆசிரியர் பெயர் வரிசையைக் கட்டுரை எழுதும்போது பேசுவது

முதல் கூட்டத்திலேயே எழுதி வாங்குங்கள். களத்துக்குப் போனவர்கள் பெயரும் அதில் இருக்கட்டும்.