கோலாலம்பூரில் வாடகை வீடு தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதம் 1,200 ரிங்கிட்டுக்குள் வீடு வேண்டும் என்று தேடுவோரில் பலர், சம்பளத்தில் அந்தத் தொகையை ஒதுக்க முடிகிறதா என்று பார்ப்பதோடு கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். சாவி கைக்கு வருவதற்கு முன்பே அதைப்போல் மூன்றரை மடங்கு பணம் புரட்ட வேண்டியிருக்கும். இரண்டு மாத வாடகையை வைப்புத்தொகையாகவும், அரை மாத வாடகையை மின்சாரத்துக்கும் தண்ணீருக்குமான வைப்புத்தொகையாகவும், முதல் மாத வாடகையை முன்கூட்டியும் கேட்பது இங்குள்ள வழக்கம். ஆக 4,200 ரிங்கிட். ஒப்பந்தச் செலவு தனி. நகையை அடகு வைத்து இதைக் கட்டிவிட்டு, வட்டியையும் வாடகையையும் சேர்த்துச் சுமப்பவருக்கு அது 1,200 ரிங்கிட் வீடே அல்ல.

வாடகை குறைவு என்று நகரத்தை விட்டுத் தள்ளிப் போவதிலும் இதே கணக்குத் தவறு நேர்கிறது. மலேசியக் குடிமக்களுக்கான 50 ரிங்கிட் மாதப் பயண அட்டை நகரப் போக்குவரத்து நிறுவனமான ரேபிட் கேஎல்லின் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில் ஆகிய நகர ரயில்களுக்கும் பேருந்துக்கும் மட்டுமே செல்லும். நகருக்கு வெளியே உள்ள ரவாங்கிலிருந்து கொமுட்டர் என்ற புறநகர் ரயிலில் வருகிறவர் அதற்குத் தனியே கட்ட வேண்டும். நகருக்குள்ளேயே உள்ள செந்தூலில் எல்.ஆர்.டி. நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் 150 ரிங்கிட் கூடுதலாகக் கொடுப்பது சில குடும்பங்களுக்கு லாபமாகவே முடியும்.

மிக மலிவாக ஒரு பி.பி.ஆர். (அரசின் மக்கள் வீடமைப்புத் திட்டம்) வீடு கிடைக்கிறதென்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுவதே நல்லது. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்காக 124 ரிங்கிட் மாத வாடகையில் ஒதுக்கப்படும் அந்த வீடுகளை, பெற்றவர் உள்வாடகைக்கு விடக் கூடாது. மாநகராட்சி சோதனைக்கு வரும் நாளில் வெளியேற வேண்டியவர், பணம் கொடுத்துக் குடியிருப்பவர்தான்.

"இந்தியர்களுக்கு இல்லை" என்று விளம்பரத்திலேயே எழுதுகிறவர்களும், எழுதாமல் மனத்தில் வைத்திருப்பவர்களும் இந்த நகரில் உண்டு. வெட்கக்கேடான வழக்கம்தான், ஆனாலும் தொலைபேசியிலேயே நேரடியாகக் கேட்டுவிட்டால், பெட்ரோலும் விடுமுறை நாளும் மிஞ்சும்.

வீட்டைப் பார்க்கும்போது புதுச் சாயத்தில் மயங்காமல், குளியலறையின் மேற்கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும். அங்கே தேநீர் சிந்தியது போன்ற பழுப்பு வட்டம் இருந்தாலோ, ஓரிடத்தில் மட்டும் புதிதாகச் சாயம் பூசியிருந்தாலோ, மேல்மாடிக் குளியலறையிலிருந்து நீர் கசிகிறது என்று கொள்ளலாம். மேல்வீட்டுக்காரர், உங்கள் உரிமையாளர், கட்டட நிர்வாகம் என மூன்று தரப்பும் பேசித் தீர்க்க வேண்டிய விவகாரம் அது, இழுத்துக்கொண்டே போகும்.

உரிமையாளர் பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டியிருக்கிறாரா என்று கேட்பவர்கள் அரிது. பாக்கி வைத்த வீட்டின் நுழைவு அட்டையை முடக்க அடுக்குமாடி நிர்வாகத்துக்கு விதிகள் இடம் தருகின்றன. வாடகையை ஒழுங்காகக் கட்டியும், வாயிற்கதவு திறக்காமல் காவலரிடம் கெஞ்ச நேர்வது வாடகைதாரருக்கே. கடைசி ரசீதைக் காட்டச் சொல்வதில் தவறில்லை.

வீட்டைப் பார்க்கும் முன் "புக்கிங்" பணம் அனுப்புவதை அறவே தவிர்க்க வேண்டும். முகவரிடம் ரென் எண் (பதிவு பெற்ற வீட்டு முகவருக்குத் தரப்படும் எண்) இருக்கிறதா என்று சரிபார்த்து, பணத்தை அவருடைய சொந்தக் கணக்கில் போடாமல் நிறுவனத்தின் கணக்கில் போட வேண்டும்.

வாடகை உறவுக்கென்று தனிச் சட்டம் மலேசியாவில் இன்னும் இயற்றப்படாததால், தகராறு வந்தால் ஒப்பந்தத் தாளே உங்கள் பக்கம் பேசும். முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது என்பதைப் பலர் அறிவதில்லை. 2025 முதல் நடப்பில் உள்ள விகிதப்படி, 1,200 ரிங்கிட் வாடகையில் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 58 ரிங்கிட்தான் வரி; கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்ட வேண்டும். இதை மிச்சம் பிடிப்பது மிகத் தவறான சிக்கனம்.

இரண்டாண்டு ஒப்பந்தமென்றால், வேலை மாறி இடையில் காலி செய்ய நேர்ந்தால் வைப்புத்தொகை என்னவாகும் என்ற வரியைத் தேடிப் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும். குடியேறும் நாளன்று மீட்டர் எண், சுவர் விரிசல், குளிர்சாதனப் பெட்டியின் நிலை எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கே வாட்சப்பில் அனுப்பிவிட்டால், தேதியும் தானாகப் பதிவாகிவிடும்.